தள்ளி நிற்கும் கார் கொட்டகைக்கு மின்சாரம்: எங்கிருந்து எடுப்பது?

போன தீபாவளிக்கு முந்தின வாரம் சிங்கப்பூர் சிராங்கூன் கார்டன்ஸில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போனேன். முறுக்குத் தட்டு வருவதற்கு முன்னால் மாமா ஒரு பிளக்கைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தார். வழக்கமான 13 ஆம்பியர் மூன்று கால் பிளக்தான். ஃபியூஸ் இருக்கும் பக்கத்துக் கால் மட்டும் பழுப்பேறி, அதைச் சுற்றியிருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் மெழுகு மாதிரி இளகி வழிந்திருந்தது. மூக்கருகே கொண்டுபோனால் கருகல் வாடை இன்னும் இருந்தது.

“கம்ப்ரசர் அரை மணி நேரம்தான்டா ஓடிச்சு” என்றார்.

மாமாவுடையது முனையில் இருக்கும் பழைய தரைவீடு. கார் கொட்டகை வீட்டோடு ஒட்டாமல், கேட்டுக்குப் பக்கத்தில் தனியாக நிற்கிறது. கப்பல் பட்டறை வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு அதில் காரை விட அவருடைய சாமான்கள்தான் அதிகம்: 2 குதிரைசக்தி கம்ப்ரசர், கிரைண்டர், மரம் அறுக்கும் மெஷின், மேசை விசிறி ஒன்று. இத்தனைக்கும் கரண்ட், சமையலறைப் பிளக்கிலிருந்து முற்றத்தைக் கடந்து வரும் ஒரு 30 மீட்டர் ரீல் ஒயர் வழியாக. அடுத்த கார் மின்கார்தான் என்று மகன் வேறு சொல்லிவிட்டான். இனி ஒழுங்காக ஒரு லைன் போட்டாக வேண்டும். எந்த வழியில் என்பதுதான் கேள்வி. இரண்டு மாதம் மூன்று எலக்ட்ரீஷியன்களை வரவழைத்து, விலை வாங்கி, நானும் மாமாவும் சண்டை போட்டு முடித்த கதை இது. தரைவீட்டில் தள்ளி ஒரு கொட்டகையோ பட்டறையோ வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும்.

முதலில் ரீல் ஒயரைக் கழித்துவிடுவோம். துரப்பணம் போட ஒரு மணி நேரம் என்றால் சரி. நிரந்தர ஏற்பாடாக அது ஆகாது. 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 30 மீட்டர் தூரத்துக்கு 13 ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே 12 வோல்ட்டுக்கு மேல் போய்விடும். 230 வோல்ட்டில் அது ஐந்து விழுக்காட்டுக்கு மேல். ஒயரை முழுக்க அவிழ்க்காமல் ரீலில் சுற்றியபடியே ஓட்டினால் சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தேங்கும். மாமா பாதி சுற்றி வைத்துத்தான் ஓட்டியிருந்தார். நாற்பது வருடம் கப்பலில் மெஷின்களோடு கிடந்த மனிதர், சொந்த வீட்டில் இப்படி. கேட்டால், “அது வேலை, இது வீடு” என்றார். அதற்கு மேல் நான் என்ன சொல்ல.

அடுத்தது எல்லாருக்கும் முதலில் தோன்றும் வழி: மாடிப்படிக்குக் கீழே இருக்கும் வீட்டு டிபி பெட்டியிலிருந்து (வீட்டுக் கரண்டைப் பிரித்து அனுப்பும் பிரேக்கர் பெட்டி) 2.5 எம்எம், அதாவது 2.5 சதுர மில்லிமீட்டர் கேபிளில் ஒரு 20 ஆம்பியர் சர்க்யூட்டை இழுத்து, கொட்டகையில் இரண்டு பிளக், இரண்டு விளக்கு. விலையும் இதற்குத்தான் குறைவு. காரை நிறுத்தி எடுக்க வெளிச்சமும், எப்போதாவது ஒரு வாக்குவம் கிளீனரும் போதும் என்பவர்களுக்கு இதற்கு மேல் தேவையில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். டிபியிலிருந்து மாமாவின் கொட்டகைக்கு 22 மீட்டர். 2.5 எம்எம் கேபிள் ஒரு ஆம்பியருக்கு, ஒரு மீட்டருக்கு 18 மில்லிவோல்ட் விழுங்கும். 20 ஆம்பியர் முழுதாக இழுத்தால் 8 வோல்ட் போகும். அது பரவாயில்லை. கம்ப்ரசர் கிளம்பும்போதுதான் சங்கடம். ஓடும்போது 9, 10 ஆம்பியர் எடுக்கும் மோட்டார், கிளம்பும் நொடியில் அதைப்போல் ஐந்து மடங்கு இழுக்கும். அந்த ஒரு கணம் கிட்டத்தட்ட 20 வோல்ட் சரிந்து விளக்கு மங்கும், மோட்டார் முனகும், சாதாரண பி வகை பிரேக்கராக இருந்தால் விழவும் கூடும். மின்கார் சார்ஜரைப் பற்றி இந்த லைனில் பேசவே வேண்டாம்.

இந்த வழியில் இன்னொரு கோளாறு இருக்கிறது. அது மாமிக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இங்கே 1985 ஜூலைக்குப் பின் கட்டிய வீடுகளில் ஆர்சிசிபி இருந்தே ஆக வேண்டும். அதற்கு முந்தைய வீடுகளுக்கும் 2023 ஜூலையில் கட்டாயமாக்கி, பொருத்திக்கொள்ள 2025 ஜூலை 1 வரை அவகாசம் கொடுத்தார்கள். மாமாவும் பொருத்தினார். 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே கரண்டை வெட்டிவிடும் சாதனம், உயிரைக் காப்பது. ஆனால் மாமா வீட்டில் இருப்பதுபோல ஒரே ஆர்சிசிபி மொத்த வீட்டையும் கவனித்துக்கொண்டிருந்தால், எங்கே கசிந்தாலும் வீடே இருட்டாகும். அக்டோபர், நவம்பரில் நம் ஊர் பிற்பகல் மழையைச் சொல்லவே வேண்டாம். அப்படி ஒரு மழை நாளில் மாமாவும் மாமியும் ஜொகூர் போயிருந்தார்கள். கொட்டகையில் கிடந்த ரீலின் பிளக் பெட்டிக்குள் ஒரு பல்லி புகுந்து, லைவுக்கும் எர்த்துக்கும் நடுவில் பாலமாகிச் செத்துக் கிடந்தது. விழுந்தது வீட்டு ஆர்சிசிபி. திரும்பி வந்து பார்த்தால் ஃபிரீசரில் தீபாவளிக்கு வாங்கி வைத்த ஆட்டுக்கறியும் வஞ்சிரமும் தண்ணீராக வடிந்துகொண்டிருந்தன. கொட்டகை சர்க்யூட்டை வீட்டு ஆர்சிசிபிக்குப் பின்னாலிருந்து எடுத்தால் இந்தக் கதை வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும். வெளியே இருக்கிற கட்டடத்தில் ஈரம், எறும்பு, பல்லி மூன்றும் குத்தகைக்கு இருப்பவை.

ஆகவே கொட்டகைக்கு என்று தனி லைன், அதன் முனையில் தனி டிபி, அதற்குள் தனி ஆர்சிசிபி. மூன்று எலக்ட்ரீஷியன்களும் இதில் ஒத்துப்போனார்கள். கொட்டகையில் கசிந்தால் கொட்டகை மட்டும் அணையும். தாய் பக்கம், அதாவது லைன் கிளம்பும் இடத்தில், வைக்கும் ஆர்சிசிபி 100 மில்லிஆம்பியரோ 300 மில்லிஆம்பியரோ, கொஞ்சம் தாமதித்து விழும் வகையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்தே விழும், தனியாகப் போட்டதற்கு அர்த்தமில்லை.

அவர்கள் பிரிந்தது எங்கிருந்து எடுப்பது என்பதில்.

இரண்டு பேர் வீட்டு டிபியிலிருந்துதான் என்றார்கள். மெயின் சுவிட்சை அடுத்து ஒரு தனி பிரேக்கர், அங்கிருந்து கவச கேபிள், அதாவது எக்ஸ்எல்பிஈ என்ற இன்சுலேஷனோடு எஃகுக் கம்பி சுற்றிய கேபிள், 22 மீட்டர் மண்ணுக்குள். மூன்றாமவர் வந்ததும் வீட்டுக்குள் வரவேயில்லை. கேட் தூணில் இருக்கும் மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தார், கொட்டகையைப் பார்த்தார், காலால் அடி வைத்து அளந்தார். “ஆறு மீட்டர் அண்ணே. கரண்ட் முதல்ல இங்கதானே வருது?” என்றார்.

நம் ஊர் தரைவீடுகளில் இதைப் பலர் யோசிப்பதில்லை. மீட்டர் பெரும்பாலும் கேட் தூணில்தான் இருக்கிறது. மின்சாரம் கொண்டுவரும் எஸ்பி குழுமத்தின் கேபிள் அங்கே முடிகிறது. மீட்டருக்கு அந்தப் பக்கம் அவர்களுடையது, இந்தப் பக்கம் நம்முடையது. கொட்டகையும் கார் வரும் வழியில், கேட்டுக்கு அருகில்தான் இருக்கும். கேட்டுக்கு வந்த கரண்டை வீட்டுக்குள் 25 மீட்டர் கொண்டுபோய், திரும்ப 22 மீட்டர் வெளியே கொண்டுவருவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை.

ஆனாலும் கேட்டிலிருந்து எடுப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்ய மாட்டேன். மீட்டர் பெட்டிக்குள் நம் சாமானை வைக்க முடியாது. பக்கத்தில் மழை புகாத தனிப் பெட்டி ஒன்று, ஐபி65 தரத்தில், வைத்து அதற்குள் லைனை இரண்டாகப் பிரிக்க வேண்டும். அதற்கு வீட்டுக்குப் போகும் பழைய மெயின் கேபிளைக் கழற்றி மாட்ட வேண்டும். பல வருஷம் அசையாமல் கிடந்த கேபிளை அசைத்தால் என்ன ஆகும் என்பது அசைத்த பிறகுதான் தெரியும். மெகர் வைத்து இன்சுலேஷனை அளந்து, மோசமாக இருந்தால் மெயின் கேபிளையே மாற்ற வேண்டி வரலாம். அந்தச் செலவை முதலிலேயே ஓரமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சப்ளையை நிறுத்தித் திரும்பக் கொடுக்க எஸ்பி குழுமத்துக்கு விண்ணப்பிப்பதும் உரிமம் உள்ள மின்பணியாளரின் வேலை; நாமே சீலைத் தொடக்கூடாது.

உரிமம் என்றதும் ஒன்று. எங்களிடம் வந்த மூவருக்கு முன்னால் நாலாவதாக ஒருவரும் போனில் பேசினார், பாதி விலைக்கு. எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிம எண்ணைக் கேட்டதும் “பேப்பரெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்” என்றார். உரிமம் இல்லாமல் இந்த வேலையைச் செய்வது இங்கே சட்டப்படி குற்றம். உரிமத்தில் எலக்ட்ரீஷியன், டெக்னீஷியன், இன்ஜினீயர் என்று மூன்று படி உண்டு. 45 கேவிஏ மின்சுமை வரை முதல் படியே போதும். சாதாரணத் தரைவீடு அதற்குள் அடங்கிவிடும்.

குழியைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. வீட்டு டிபியிலிருந்து எடுக்கும் விலைப்பட்டியல் இரண்டிலும் பாதிக்கு மேல் கேபிளுக்கோ பிரேக்கருக்கோ இல்லை. வெட்டி, மூடி, பழையபடி கல் பதிக்கும் கூலிக்குத்தான். 22 மீட்டரில் நடுவே மாமியின் மாமரம், அதன் வேர், முற்றத்துக் கல், சாக்கடை. அரை மீட்டராவது ஆழம் வேண்டும், கார் ஏறும் இடத்தில் குழாய்க்குள் விட வேண்டும், மேலே எச்சரிக்கை நாடா போட வேண்டும். வெட்டுவதற்கு முன் அந்த வழியில் வேறு என்ன புதைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்: வீட்டு மெயின் கேபிள், தண்ணீர்க் குழாய், சில வீடுகளில் கேஸ்.

குழி வேண்டாம் என்றால் மதிலோடு கொண்டுபோகலாம். கவச கேபிளை மதிலில் கிளிப் அடித்துக் கொண்டுபோவது மலிவு, பழுது பார்ப்பதும் சுலபம், ஒரே நாளில் முடியும். பார்க்க அழகில்லை, அவ்வளவுதான். சாதாரண வெள்ளை பிவிசி குழாயில் மட்டும் விடாதீர்கள். நம் வெயிலில் சில வருஷத்தில் நொறுங்கும். பக்கத்து வீட்டோடு பொதுவான மதில் என்றால் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. தலைக்கு மேலே தொங்கவிடும் யோசனையையும் ஒருவர் சொன்னார். வருஷத்தில் பாதி நாளுக்குக் கொஞ்சம் குறைவாக இடி இடிக்கும் ஊரில், மாமரக் கிளைக்கு அடியில், நான் அதைக் கேட்டதோடு சரி.

கேபிள் எவ்வளவு தடிமன்? இதில்தான் மாமாவும் நானும் முட்டிக்கொண்டோம். அவர் 6 எம்எம் போதும் என்றார். கணக்குப்படி போதும்தான். 32 ஆம்பியரில் 22 மீட்டருக்கு ஐந்தரை வோல்ட்தான் குறையும், ஆறு மீட்டருக்கு ஒன்றரை. நான் 10 எம்எம் கேட்டேன், அதுவும் நாலு கோர், அதாவது உள்ளே நாலு கம்பி. சிங்கிள் ஃபேஸ் வீட்டுக்கு இரண்டு கோர் போதுமே, எதற்கு நாலு? என்றைக்காவது வீட்டை த்ரீ ஃபேஸ் (ஒன்றுக்குப் பதில் மூன்று லைனில் கரண்ட்) ஆக்கினால் அதே கேபிள் போதும், திரும்பக் காரோட்டப் பாதையை வெட்ட வேண்டாம். அதுவரை இரண்டு கோர் சும்மா கிடக்கட்டும். ஆறு மீட்டர் கேபிளில் விலை வித்தியாசம், கல்லை இரண்டாம் தடவை பெயர்த்துப் பதிக்கும் கூலிக்குப் பக்கத்தில்கூட வராது. இதே காரணத்துக்காக, குழியில் ஒரு காலிக் குழாயும் போடச் சொன்னேன். நெட் ஒயர், கேட் மோட்டார், கேமரா, எதற்காவது உதவும். குழாயின் இரண்டு வாயையும் அடைத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் எறும்புக்கு எம்ஆர்டி பாதை போட்டுக் கொடுத்த மாதிரி.

அப்படியானால் இப்போதே த்ரீ ஃபேஸ் வாங்கிவிட்டால் என்ன என்று மாமா மகன் கேட்டான். 22 கிலோவாட் சார்ஜர் பார்த்து வைத்திருக்கிறான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் தீவு கிழக்கிலிருந்து மேற்கு சுமார் 50 கிலோமீட்டர். சாங்கியிலிருந்து துவாஸுக்குப் போய்த் திரும்பினாலும் நூறைச் சுற்றித்தான் வரும். அதற்கு ஒரு மின்காருக்கு 15 முதல் 18 யூனிட் ஆகும். 32 ஆம்பியர் சிங்கிள் ஃபேஸில் 7.4 கிலோவாட் சார்ஜர் அதை இரண்டரை மணி நேரத்தில் ஏற்றிவிடும். வண்டி ராத்திரி முழுக்கக் கொட்டகையில்தானே நிற்கப்போகிறது. போதாததற்கு, பல மின்கார்கள் 22 கிலோவாட் ஏசி சார்ஜை வாங்கிக்கொள்ளவே செய்யாது, 7.4 அல்லது 11 கிலோவாட்டோடு நிறுத்திக்கொள்ளும். த்ரீ ஃபேஸுக்கு விண்ணப்பம், மீட்டர் மாற்றம், புது மெயின் கேபிள், புது டிபி என்று வரிசை நீளும். கொட்டகையில் பெரிய வெல்டிங் செட்டோ, த்ரீ ஃபேஸ் மோட்டாரோ வைக்கப்போகிறவர்களுக்கும், வீட்டையே இடித்துக் கட்டப்போகிறவர்களுக்கும் அது சரி. மற்றவர்கள் பொறுக்கலாம்.

சிங்கிள் ஃபேஸில் இருப்பவர்கள் ஒரு கூட்டலைப் போட்டுப் பார்க்க வேண்டும். மாமா வீட்டுச் சப்ளை 63 ஆம்பியர், அதாவது சுமார் 14.5 கிலோவாட். ராத்திரி பத்து மணி. மூன்று அறையில் ஏர்கான், இரண்டரை கிலோவாட் என்று வையுங்கள். ஒருவர் குளிக்கிறார், ஹீட்டர் மூன்றரை. கார் சார்ஜில், 7.4. மொத்தம் 13.4. இந்த நேரத்தில் மாமி டீ போடக் கெட்டிலைத் தட்டினால் இன்னும் இரண்டு கூடி எல்லையைத் தாண்டிவிடும். மெயின் பிரேக்கர் உடனே விழாது. சுமை இன்னும் கொஞ்சம் ஏறினால், சூடேறி, கொஞ்ச நேரம் கழித்து, குளித்துக்கொண்டிருப்பவர் தலையில் நுரையோடு இருக்கும்போது விழலாம். இதற்கு மருந்து, வீட்டு மெயினில் ஒரு சென்சார் வளையம் மாட்டி, வீட்டுச் சுமை ஏறினால் தானாகத் தணியும் சார்ஜர். கேட்டிலேயே லைனைப் பிரிப்பதில் இங்கே ஒரு வசதி: வீடு, கொட்டகை இரண்டின் சுமையும் ஒரே பெட்டி வழியாகப் போவதால் அந்த வளையத்தை அங்கேயே மாட்டிவிடலாம், வீட்டுக்குள் ஒயர் இழுக்க வேண்டாம்.

சார்ஜரையும் கண்ட இடத்தில் வாங்கி மாட்ட முடியாது. 2023 டிசம்பரில் நடப்புக்கு வந்த மின்வாகன மின்னூட்டச் சட்டப்படி, நிலப் போக்குவரத்து ஆணையம் ஒப்புதல் தந்த வகையாக இருக்க வேண்டும், பயன்படுத்துவதற்கு முன் பதிவும் செய்ய வேண்டும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று வெளிநாட்டிலிருந்து வரவழைத்தவர்கள் அதைக் கொட்டகைச் சுவரில் மாட்டிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். 2030 முதல் இங்கே புதிதாகப் பதிவாகும் கார்கள் எல்லாம் தூய்மையான எரிசக்தியில் ஓடுபவையாகத்தான் இருக்க வேண்டும். இன்றைக்குச் சார்ஜர் வேண்டாம் என்பவர்களும் கேபிளையாவது அதற்கு ஏற்றபடி போட்டு வைப்பது நல்லது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

சூரியத் தகடு? இந்தக் கேள்வியை மாமிதான் கேட்டார். குழி, கேபிள் எதுவும் இல்லாமல் கூரையில் தகடு, உள்ளே பேட்டரி, வீட்டு லைனோடு சம்பந்தமே இல்லை என்றால் மரமும் பிழைக்கும். விளக்கு, விசிறி, துரப்பணம் சார்ஜ் போடுவது என்ற அளவுக்கு அது அருமையான வழி, அதிலும் வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு. ஒரு கிலோவாட் தகடு இங்கே சராசரியாக நாளைக்கு மூன்று யூனிட்டுக்குச் சற்று அதிகமாகத் தரும். மாமா கொட்டகைக் கூரையில் பாதி மாமர நிழல். மிச்சத்தில் நாலு தகடு வைத்தால் ஐந்து யூனிட் தேறலாம். கம்ப்ரசருக்கே இழுபறி. கார் பகலில் வேலைக்குப் போய்விடும், வெயில் பகலில்தான் வரும், நடுவில் பெரிய பேட்டரி வேண்டும். கூரை பெரிதாக, நிழல் இல்லாமல் இருந்தால் தகடு வைத்து வீட்டு லைனோடு இணைப்பது நல்ல யோசனைதான். ஆனால் அதற்கும் கொட்டகைக்கும் மீட்டருக்கும் நடுவில் தடியான கேபிள் வேண்டும். சுற்றிச் சுற்றி அங்கேயேதான் வந்து நின்றோம்.

கடைசியில் மாமா கேட்டிலிருந்தே எடுத்தார். மெகர் சோதனையில் பழைய மெயின் கேபிள் தேறிவிட்டது, அது அதிர்ஷ்டம்தான். 10 எம்எம் நாலு கோர், கொட்டகையில் நெஞ்சு உயரத்தில் பன்னிரண்டு இடமுள்ள சின்ன டிபி. இப்போது அதில் ஆறு இடம்தான் நிரம்பியிருக்கிறது: ஆர்சிசிபி, விளக்கு, பிளக், கம்ப்ரசருக்கு, கிளம்பும் இழுப்பைத் தாங்கும் சி வகை பிரேக்கர். சார்ஜருக்கான பிரேக்கரும், அதற்கேற்ற தனி ஆர்சிசிபியும் கார் வந்த பிறகு. மீட்டரும் கொட்டகையும் எதிரெதிர் மூலையில் இருக்கும் வீடாக இருந்தால் நான் வீட்டு டிபியிலிருந்து மதிலோடு கொண்டுபோகத்தான் சொல்லியிருப்பேன். ஐந்து வருஷத்தில் இடித்துக் கட்டும் எண்ணம் இருந்தால் அந்த 20 ஆம்பியர் சர்க்யூட்டே போதும், தனி ஆர்சிசிபி மட்டும் வைத்துக்கொண்டு.

குழியை மூடுவதற்கு முன் எலக்ட்ரீஷியன் இரண்டு நிமிஷம் நிறுத்தச் சொன்னார். கேபிளுக்குப் பக்கத்தில் அளவு நாடாவை விரித்து, கேட் தூணிலிருந்து எத்தனை சென்டிமீட்டர், எவ்வளவு ஆழம் என்று தெரியும்படி போனில் நாலு படம் எடுத்தார். மாமா அதைப் பிரிண்ட் போட்டு, டிபி பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறார். அதற்குக் கீழே, நூலில் கட்டி, அந்த உருகிய பிளக்.